அறிக்கையின் கடைசி வரியை நான் படிக்கவில்லை

2021 ஜூலையில் ஒரு நாள் குளித்துவிட்டுக் காலைத் துவட்டும்போது, இடது முழங்காலுக்குப் பின்னால், மடிப்புக்குச் சற்று மேலே, கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. பாதி எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். அழுத்தினால் நகரவில்லை. பகலில் தொந்தரவு இல்லை. இரவில் மட்டும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல். எனக்கு அப்போது 32 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகளுக்கு ஆறு வயது. அம்மாவிடம் காட்டினேன். "எனக்கும்தான் தோளில் கொழுப்புக் கட்டி இருக்கிறது கண்ணு, இருபது வருடமாக அப்படியே கிடக்கிறது, அதற்கென்ன" என்றார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். சதையில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடப் புற்றுநோயாக இருப்பதில்லை என்று பின்னாளில் மருத்துவர்களே சொன்னார்கள். அம்மா சொன்னதில் தவறில்லை. அந்த நூற்றில் ஒன்று, சைனோவியல் சார்கோமா என்ற சதைப் புற்றுநோய், என் காலில் இருந்தது, அவ்வளவுதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டு மாதங்கள் நான் ஒருத்தியாகவே அலைந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும், "இங்கே நில், இதைக் கேள்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பாதி வேதனை மிச்சமாகியிருக்கும். அந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எனக்கு நடந்ததையும், எனக்கு வைத்தியம் பார்த்தவர்கள் விளக்கிச் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் போனது எலும்பு மருத்துவரிடம். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நன்றாக இருக்கிறது" என்றார். உண்மைதான், எலும்பு நன்றாகவே இருந்தது. ஆனால் எலும்புக்கு வெளியே, சதைக்குள், உப்புக்கல் சிதறினாற்போல இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள் அந்தப் படத்தில் இருந்தன. அவை சுண்ணாம்புப் படிவுகள். எனக்கு வந்த நோயில் மூன்று பேரில் ஒருவருக்கு இப்படிப் புள்ளிகள் தெரியுமாம். இது எனக்குத் தெரியவந்தபோது ஒன்றரை வருடம் ஓடிப்போயிருந்தது. அடுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். எல்லாமாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "பேக்கர் நீர்க்கட்டியாக இருக்கலாம், உள்ளே தடித்த திரவம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மூட்டுத் திரவம் பின்பக்கமாகப் பிதுங்கி வரும் பை அது. ஆபத்தில்லாதது.

பிறகு ஊசி போட்டு அந்த நீரை உறிஞ்சிவிடலாம் என்றார்கள். உறிஞ்சினால் நீர் வரவேயில்லை. சிரிஞ்சில் இரண்டு மில்லி இரத்தம்தான் வந்தது. அதைப் பஞ்சோடு சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். "கெட்டியாகிவிட்டது, மெல்ல வற்றிவிடும்" என்றார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். நீர்க்கட்டி என்று சொல்லிக் குத்திய இடத்தில் நீர் இல்லையென்றால் அது நீர்க்கட்டி இல்லை என்ற எளிய கணக்கு அன்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அந்த மேசையில் படுத்திருந்தால், ஊசியில் எது வந்தாலும், அது இரத்தமாகவே இருந்தாலும், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீர் வரவில்லையென்றால் அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தானே என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் பயந்தேன்.

2022 பிப்ரவரிக்குள் கட்டி நன்றாகக் கைக்குத் தெரிந்தது. அளந்து பார்த்து நான்கு சென்டிமீட்டர் என்றார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று ஒரு பொதுவிதி உண்டு. அதை அங்கிருந்தவர்களும் சொன்னார்கள், நானும் செல்போனில் தேடிப் படித்து நிம்மதி அடைந்தேன். அந்த விதியின் மற்ற பகுதிகளை நான் கவனிக்கவில்லை. தசையை மூடியிருக்கும் உறைக்குக் கீழே ஆழத்தில் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, வலிப்பது, எடுத்த பிறகு மறுபடி வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், சந்தேகப்பட வேண்டும். என் கட்டி ஆழத்தில் இருந்தது, வளர்ந்தது, வலித்தது. அளவு சிறியது என்ற ஒரே காரணத்தால் மற்ற மூன்றும் கணக்கில் வராமல் போயின. எனக்கு வந்த வகை பெரும்பாலும் சிறிதாகவும் மெதுவாகவும்தான் தொடங்குமாம். சில பேருக்கு வருடக்கணக்கில் அப்படியே இருந்து ஏமாற்றுமாம்.

அந்த மாதமே ஒரு நர்சிங் ஹோமில் அறுவை சிகிச்சை. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. "சின்னக் கட்டிக்கு எதற்கு வீண் செலவு" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தழும்பு தெரியாமலிருக்க முழங்கால் மடிப்போடு சேர்த்துக் குறுக்காக வெட்டினார்கள். அந்த அக்கறைக்கு நான் நன்றிகூடச் சொன்னேன். கட்டி முழுதாக வரவில்லை, துண்டு துண்டாக எடுத்தோம் என்றார்கள். வெட்டின இடத்திலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஒரு துளை போட்டு இரத்தம் வடியக் குழாய் வைத்தார்கள். இந்தக் குறுக்கு வெட்டு, துண்டுகள், தள்ளிப் போட்ட துளை ஆகிய மூன்றுக்கும் பின்னால் பெரிய விலை கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, நர்சிங் ஹோம் பில் 42,000 ரூபாய். ஸ்கேன், ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து அதுவரை 53,000. மகளின் அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

எடுத்த சதையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். அம்மா போனபோது மணி எட்டு. லேப் மூடியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த டப்பாவை அம்மா வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழே, மகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, இரண்டு இரவுகள் பாதுகாத்தார். திங்கட்கிழமை காலை லேபில் இருந்த பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சலைன் தண்ணீர் அம்மா, ஃபார்மலின் இல்லையே" என்றாராம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் அப்போதே ஃபார்மலின் ஊற்றி வைத்தார். ஆனால் முப்பத்தாறு மணி நேரம் போய்விட்டது. உடலை விட்டு வெளியே வந்த சதை சலைனில் கிடந்தால், அதிலிருக்கும் நொதிகளே அதைக் கரைக்கத் தொடங்கிவிடும். ஃபார்மலின்தான் அதை அப்படியே நிறுத்தி வைக்கும். அதுவும் சதையைப் போலப் பத்து மடங்கு அளவு திரவம் இருக்க வேண்டும். டப்பாவின் வாய் அகலமாக இருக்க வேண்டும். பெயரும் தேதியும் எந்தப் பக்கத்துக் கால் என்பதும் டப்பாவின் மூடியில் இல்லாமல் டப்பாவின் பக்கவாட்டில் எழுதியிருக்க வேண்டும். நம் ஊர்களில் இந்த டப்பா குடும்பத்தாரின் கையில்தான் வந்து சேர்கிறது. உங்கள் கைக்கு வந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இது ஃபார்மலின்தானே?" காரமான நெடி மூக்கைத் துளைத்தால் ஃபார்மலின், நெடியே இல்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. ஒரே பக்கம். "கதிர் வடிவ செல்களால் ஆன கட்டி. நரம்பு உறைக் கட்டியாக இருக்க வாய்ப்பு." அதைப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்லை, நரம்பு உறையில் வருவது, எடுத்தாகிவிட்டது" என்றார் மருத்துவர். நான் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா மாரியம்மன் கோவிலுக்குப் போய் வந்தார். அறிக்கையை மடித்துக் கோப்பில் வைத்தேன். அதில் கையெழுத்துக்கு மேலே இன்னொரு வரி இருந்தது: "ஐ.எச்.சி. பரிசோதனை செய்து உறுதிப்படுத்த அறிவுறுத்தப்படுகிறது."

அந்த வரியை நான் ஒன்பது மாதம் படிக்கவில்லை. மருத்துவரும் படிக்கவில்லை, அல்லது படித்தும் சொல்லவில்லை. அந்த லேபின் நோயியல் மருத்துவர் தன்னால் முடிந்ததைச் சரியாகவே செய்திருக்கிறார். சாதாரணச் சாயத்தில் பார்த்தால் கதிர் வடிவ செல்கள், அதாவது நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்த செல்கள், பத்துப் பதினைந்து வகைக் கட்டிகளில் ஒரே மாதிரி இருக்கும். எது என்று சொல்ல ஐ.எச்.சி. என்ற இன்னொரு சாயச் சோதனை வேண்டும் என்று எழுதிவைத்தார். அவர் எழுதியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. "இருக்க வாய்ப்பு", "பொருந்துகிறது", "அறிவுறுத்தப்படுகிறது" என்ற சொற்கள் ஓர் அறிக்கையில் இருந்தால், நோய் என்னவென்று இன்னும் முடிவாகவில்லை என்றே பொருள். அது முடிவு வந்த அறிக்கை என்று நினைத்து நான் வேலைக்குத் திரும்பினேன்.

2022 டிசம்பரில் தழும்புக்கு அடியில் மறுபடி ஏதோ உருண்டது. அன்றிரவு தூங்கவில்லை. கோப்பை எடுத்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். கடைசி வரியைக் கண்டபோது கை நடுங்கியது. யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. நெடுநாள் என் மீதே கோபப்பட்டேன். ஆயிரக்கணக்கான இன்வாய்ஸ்களின் கீழ் வரியைச் சரிபார்ப்பவள், என் உடம்பைப் பற்றிய காகிதத்தைச் சரிபார்க்காமல் விட்டேனே என்று.

இந்த முறை யாரையும் கேட்காமல் நானே திருச்சிக்குப் போனேன். ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ., 8,500 ரூபாய். படம் எடுக்கும் முன் டெக்னீஷியன் தழும்பின் இரண்டு முனைகளிலும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை டேப் போட்டு ஒட்டினார். எண்ணெய் படத்தில் வெள்ளையாகத் தெரியும், அதனால் தழும்பு எங்கிருந்து எங்கு வரை என்று மருத்துவருக்குப் புரியும் என்றார். இவ்வளவு சின்ன காரியம் எவ்வளவு உதவியாக இருந்தது என்பதைப் பிறகு அறுவை சிகிச்சை செய்தவர் சொன்னார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் என்ற இரத்தச் சோதனை பார்த்துவிட்டு, பாதியில் கையில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, மறுபடி படம் எடுத்தார்கள்.

முடிந்ததும் ரேடியாலஜிஸ்ட் அம்மையார் தானே வெளியே வந்தார். "இதற்கு முன் எடுத்த படங்கள் ஏதாவது இருக்கின்றனவா அம்மா?" என்று கேட்டார். நல்லவேளையாகக் கோப்பு முழுவதையும் கொண்டுபோயிருந்தேன். பழைய எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி அந்த வெள்ளைப் புள்ளிகளை எனக்குக் காட்டினார். பிறகு பழைய அல்ட்ராசவுண்ட் படத்தைக் காட்டிச் சொன்னார்: "பேக்கர் நீர்க்கட்டி என்றால் அதற்குக் கழுத்து ஒன்று இருக்க வேண்டும். தொடையின் பின்தசை நாணுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் நடுவிலிருந்து, மூட்டிலிருந்து கிளம்பி வர வேண்டும். இதில் அந்தக் கழுத்தே இல்லை. இது தசைகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது." எம்.ஆர்.ஐ.யைக் காட்டினார். ஒரு வகைப் படத்தில் கட்டி நீர் போலவே வெண்மையாக இருந்தது. இதைத்தான் பலர் நீர்க்கட்டி என்று ஏமாறுகிறார்கள் என்றார். மருந்து ஏற்றிய பிறகு எடுத்த படத்தில் அதே கட்டியின் உட்புறம் ஒளிர்ந்தது. நீர்க்கட்டியாக இருந்தால் ஓரம் மட்டுமே ஒளிரும், உள்ளே இருட்டாக இருக்கும். உள்ளே இரத்த ஓட்டம் இருப்பதால்தான் மருந்து உள்ளே போகிறது. மருந்து ஏற்றும் முன் எடுத்த படத்தில், உற்றுப் பார்த்தால், வெண்மை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறங்கள் கலந்திருந்ததும் அவருக்குச் சந்தேகம் தந்தது. "பெயரை நான் சொல்ல மாட்டேன், அதைச் சதைதான் சொல்ல வேண்டும். ஆனால் இனிமேல் யாரும் இதை வெட்டக் கூடாது. சார்கோமா பார்க்கும் இடத்துக்கு நேராகப் போங்கள்" என்றார். கரூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் எனக்குப் படத்தைக் காட்டிப் பேசியிருந்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. முதல் நாளே அங்கே என்னிடம் கேட்டார்கள், "பழைய பிளாக் எங்கே?" சதையை மெழுகில் பதித்துத் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு வைத்திருப்பார்களே, அதுதான் பிளாக். அதிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவதுதான் ஸ்லைடு. அறிக்கை என்பது ஒருவர் பார்த்து எழுதிய கருத்து, பிளாக்தான் சரக்கு. அதை மறுபடி மறுபடி சீவிப் புதிய சோதனைகள் செய்யலாம். கரூர் லேபில் போய்க் கேட்டால், "டாக்டர் கடிதம் வேண்டும், தேட வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள்" என்று இழுத்தார்கள். நர்சிங் ஹோமில் என் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டபோதும் அதே பதில். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது சென்னை மருத்துவமனையின் சமூகப் பணியாளர். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாளே குறிப்புகள் வந்துவிட்டன. அந்தக் கடிதத்தைக் காட்டியதும் லேபிலும் மூன்று பிளாக்குகளை எடுத்துக் கொடுத்தார்கள். பிளாக்கை வாங்கும்போது எண்ணைச் சரிபார்த்து, எத்தனை என்று எழுதி வாங்குங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிறுத்திய காரிலோ பஸ் இன்ஜின் பக்கத்திலோ வைக்கக் கூடாது. நான் மகளின் பென்சில் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்து, இரவு ரயிலில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு போனேன். தூங்கவில்லை.

மறுபரிசீலனையில் சலைன் டப்பாவின் விளைவு தெரிந்தது. ஐ.எச்.சி. என்பது செல்லில் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பழுப்பு நிறமேற்றும் சோதனை. நரம்பு உறைக் கட்டியாக இருந்தால் எஸ்-100 என்ற சாயம் நன்றாக ஏறியிருக்க வேண்டும். அது ஏறவேயில்லை, ஆகவே பழைய ஊகம் விழுந்தது. ஆனால் டி.எல்.ஈ.1 என்ற இன்னொன்று சில இடங்களில் ஏறி, சில இடங்களில் மங்கலாக நின்றது. சதை சரியாகப் பதப்படாததால் நம்பிச் சொல்ல முடியவில்லை என்றார்கள். புதிதாகச் சதை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சலைன் எனக்கு வைத்த செலவு இன்னொரு பயாப்ஸி, 18 நாள், சென்னையில் தங்கியது உட்பட ஏறத்தாழ 21,000 ரூபாய்.

அந்த பயாப்ஸி செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊசியைப் போடுவதற்கு முன் அறுவை சிகிச்சை மருத்துவர் நேரில் வந்து, பேனாவால் என் காலில் ஒரு புள்ளி வைத்தார். பிறகுதான் ரேடியாலஜிஸ்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அந்தப் புள்ளி வழியாக ஊசியை இறக்கினார். நூல் போன்ற ஐந்து சதைத் துண்டுகள் எடுத்தார்கள். ஊசி போன பாதையிலும் நோய் செல்கள் ஒட்டியிருக்கலாம், பின்னால் கட்டியை எடுக்கும்போது அந்தப் பாதையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அதனால் எங்கே குத்துவது என்பதை எடுக்கப்போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். படம் முதலில், ஊசி அடுத்து, கத்தி கடைசியில் என்ற வரிசையின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலில் ஊசி போட்டாலே உள்ளே இரத்தம் கட்டிப் படம் குழம்பிவிடுமாம். என் விஷயத்தில் அந்த வரிசை தலைகீழாக நடந்திருந்தது.

ஃபிஷ் என்றொரு மரபணுச் சோதனையும் செய்தார்கள், 9,500 ரூபாய். நோயியல் மருத்துவர் தன் அறைக்கு அழைத்துத் திரையில் காட்டினார். கறுப்புப் பின்னணியில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். 18ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்.எஸ்.18 என்ற மரபணுவின் இரு பக்கமும் இரண்டு நிறங்களை ஒட்டவைப்பார்கள். நல்ல செல்லில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். என் செல்களில் அவை பிரிந்து நின்றன. அந்த மரபணு உடைந்து, எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோயின் பெயர் சைனோவியல் சார்கோமா. பெயரைக் கேட்டால் மூட்டுச் சவ்விலிருந்து வருவது போல இருக்கும்; மூட்டுக்கருகில் அடிக்கடி வருவதால் பழைய காலத்தில் வைத்த பெயர், உண்மையில் மூட்டுச் சவ்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். பெரியவர்களுக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் சார்கோமாக்கள் நூற்றுக்கு ஒன்று, அதிலும் இது ஒரு சிறு பங்கு, இளவயதினருக்கே அதிகம். 2020இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மென்திசுக் கட்டிகள் இருக்கின்றனவாம். ஒரு சிற்றூர் மருத்துவர் தன் வாழ்நாளில் இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம் என்பது அப்போது புரிந்தது. என் கோபம் அதனால் தீரவில்லை, ஆனால் அதன் இடம் மாறியது. தெரியாதது குற்றமில்லை. மேற்கொண்டு சோதிக்கச் சொல்லி எழுதியிருந்ததை விட்டுவிட்டதுதான் இன்றும் என்னால் மன்னிக்க முடியாதது.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "என் மகளுக்கு வருமா?" அதற்கு முன் எத்தனை இரவுகள் அதை மனத்தில் உருட்டியிருந்தேன் என்று எனக்கே தெரியாது. "இது பிறப்பில் வருவதில்லை. உங்கள் காலிலிருந்த ஒரு செல்லில் நடந்த உடைப்பு. உங்கள் இரத்தத்தில் இல்லை, அவளுக்குப் போகாது" என்றார். அந்த வாக்கியத்துக்காக மட்டும் இன்னொரு 9,500 கொடுத்திருப்பேன். இப்படிப்பட்ட கேள்வி உங்களுக்குள் இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஏனென்றால் இது பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். மூன்று மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. பழைய சளியின் தடமாகவும் இருக்கலாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. புள்ளி மாறவில்லை.

பிறகு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து, ரேடியாலஜி, நோயியல் என எல்லாத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து என் படங்களைப் பார்த்தார்கள். முதலில் 25 நாள் கதிர்வீச்சு, ஐந்து வாரம். அதன்பின் ஆறு வாரம் ஓய்வு விட்டு அறுவை சிகிச்சை. கட்டி சிறியது என்பதால் என் விஷயத்தில் கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். இங்கேதான் முதல் அறுவையின் விலை வந்து நின்றது. கால் நெடுக, மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் ஓர் ஒடுங்கிய பட்டையாகத் தோலை எடுத்திருக்கலாம். குறுக்காக வெட்டியதால் மடிப்பின் முழு அகலமும், தள்ளிப் போட்ட குழாய்த் துளையும், நடுவில் உள்ள எல்லாத் தோலும் போக வேண்டும். துண்டு துண்டாக எடுத்ததால் உள்ளே நோய் எதுவரை சிதறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் கைபட்ட இடம் முழுவதையும் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம். தொடையிலிருந்து தோலும் சதையும் எடுத்து மூடினார்கள். இரத்தக் குழாயைக் காப்பாற்றினார்கள். பாதத்தின் அடிப்பகுதியில் பாதி இன்றும் மரத்தே இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. கணவர் பதினைந்து நாள் விடுப்பில் வந்திருந்தார். கட்டுப் பிரித்த அன்று அவர் காலைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எடுத்த சதையில் மேல்பக்கத்துக்குக் குட்டை நூல், வெளிப்பக்கத்துக்கு நீள நூல் என்று தைத்து அனுப்பினார்கள். லேபில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிற மை பூசி, அதன் பிறகு வெட்டிப் பார்த்தார்கள். அதனால்தான் அறிக்கையில் "இரத்தக் குழாய்ப் பக்கத்தில் 4 மில்லிமீட்டர் நல்ல திசு, மற்ற பக்கங்களில் 10க்கு மேல்" என்று சொல்ல முடிந்தது. முதல் அறிக்கையில் ஓரங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நோயின் தரத்தை எப்படிப் போடுகிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணக்குத்தான். கட்டி எவ்வளவு முதிராத வகை என்பதற்கு 1 முதல் 3, செல்கள் பிரியும் வேகத்துக்கு 1 முதல் 3, செத்த திசு இருப்பதற்கு 0 முதல் 2. சைனோவியல் சார்கோமாவுக்கு முதல் எண் எப்போதும் 3. என்னுடையது 3, 1, 0; கூட்டினால் 4. நான்கும் ஐந்தும் இரண்டாம் தரம், ஆறும் அதற்கு மேலும் மூன்றாம் தரம். இந்த நோயில் முதல் தரம் என்பதே வராது. உங்கள் அறிக்கையில் தரம், ஓரங்கள், எந்தச் சாயங்கள் ஏறின, எது ஏறவில்லை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்கலாம், தரத்தையும் சாயங்களையும் அதே பிளாக்கிலிருந்து பார்த்துச் சேர்த்து எழுதித் தர முடியும்.

பணத்தைப் பற்றி. அலுவலகக் காப்பீடு கதிர்வீச்சுக்கும் அறுவைக்கும் பெரும்பகுதி கொடுத்தது. ஆனால் என் பாலிசியில், சிகிச்சைக்குச் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவு மட்டுமே கணக்கு. திருச்சி எம்.ஆர்.ஐ., ஸ்லைடு பரிசீலனை, முதல் ஐ.எச்.சி. எல்லாம் அதற்கு வெளியே போய்விட்டன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சோதனைகளைத் தொடங்கும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது. ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் பயணத்தில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. மருத்துவமனையில் படிவம் தருவார்கள். இதை எனக்கு நான்காவது பயணத்தில்தான் ஒரு சக நோயாளி சொன்னார். எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது 3,40,000 ரூபாய். சம்பளமில்லாத விடுப்பு ஐந்து மாதம்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்கும் காலுக்கும் ஸ்கேன். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் பழைய டிஸ்க்குகள் எல்லாவற்றையும் கொண்டுபோகிறேன். தழும்புத் திசு எது, புதிதாக வந்தது எது என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அம்மா அந்தக் கோப்புக்கு ஒரு துணிப் பை தைத்துக் கொடுத்திருக்கிறார்.

சென்ற மாதம் எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பி, 22 வயது, பாதத்தின் மேல்பக்கம் ஒரு கட்டி இருக்கிறது, வியாழக்கிழமை எடுக்கப்போகிறார்கள் அக்கா என்று வந்து சொன்னார். வலிக்கிறதா, வளர்கிறதா, என்ன ஸ்கேன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. அவரோடு நானும் போய் அந்த மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வருகிறோம் என்று சொன்னேன். அவர் முகம் கோணாமல் சரி என்றார், அறுவையை ஒரு வாரம் தள்ளிப்போட்டார். ஸ்கேனுக்கு 6,000 ரூபாய் ஆனது. நானும் பாதி கொடுத்தேன். மூன்றாம் நாள் மதியம் அந்தத் தம்பி அறிக்கையை என் மேசையில், பில்களுக்கு மேல் வைத்து, "அக்கா, கடைசி வரியை நீங்களே படித்துவிடுங்கள்" என்று நின்றார். நாணிலிருந்து கிளம்பிய நீர்க்கட்டி, உட்புறத்தில் திடப் பகுதி ஏதும் இல்லை, உட்புறம் ஒளிரவில்லை என்று எழுதியிருந்தது. அவருக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் போன பிறகு இன்னொரு முறை படித்தேன்.